போனாலும் குற்றம், இருந்தாலும் குற்றம்

கலகம் என்றதும் கல்லும் தீயும்தான் பலருக்கு நினைவில் வருகின்றன. சப்ரகமுவ தோட்டங்களின் வரலாறு வேறு கதை சொல்கிறது. இங்கே தொழிலாளர் கையில் கல்லை எடுக்காமலே கலகக்காரர் ஆனார்கள். சொந்த முடிவில் ஓரடி நடந்ததும் கலகம், சொந்த முடிவில் அசையாமல் இருந்ததும் கலகம்.

முன்பு, போவது குற்றமாக இருந்தது. முன்னறிவித்தல் இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போகும் கூலியாளைச் சிறைக்கு அனுப்ப 1865ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. அதன் பிறகு துண்டு வந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் ஆட்களை விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் துண்டு. கடன் கைமாறும், கடனோடு ஆளும் கைமாறுவார். 1921இல் அந்த முறை சட்டத்தால் ஒழிந்தது.

கால் நூற்றாண்டு கழிந்தது. இப்போது இருப்பது குற்றமாயிற்று. கேகாலை மாவட்டம் உந்துகொடைப் பக்கத்தில் உள்ளது உருளவள்ளி. ஆங்கிலக் கணக்கேட்டில் அதன் பெயர் நேவ்ஸ்மயர். 1946இல் கிராம மக்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதற்காக அரசு அத்தோட்டத்தை எடுத்தது. காணி அமைச்சு டி. எஸ். சேனநாயக்கவிடம் இருந்தது. தொழிலாளருக்கு வெளியேறும்படி அறிவித்தல் வந்தது. அவர்கள் லயத்தை விட்டு இறங்கவில்லை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் துணை நின்றது. சுற்றுவட்டத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் மூண்டது.

அரசு குற்றமுறை அத்துமீறல் வழக்குத் தொடுத்தது. அடுப்பு எரியும் சொந்த அறையில் இருந்தவர் அத்துமீறியவராம்! அத்தொழிலாளரில் ஒருவரான செல்வநாயகத்தின் வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய், 1950இல் தொழிலாளருக்குச் சார்பாக முடிந்தது. தான் இருப்பது பிறருக்குத் தொல்லையாகும் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம். அதனாலேயே தொல்லை கொடுப்பது அவருடைய நோக்கம் ஆகிவிடாது. வாழ்ந்த இடத்தில் தொடர்ந்து வாழ்வதுதான் அவருடைய நோக்கம் என்று நீதிபதிகள் கண்டார்கள்.

எதிர்ப்பின் இலக்கணம் இந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அடுத்தவரை நோகடிப்பதற்காக எழுவது வம்பு. தனக்கு உரிமை உண்டு என்று நம்பி, அதற்குரிய விலையைத் தானே கொடுக்கத் துணிந்து நிற்பது எதிர்ப்பு. உருளவள்ளி மக்கள் வழக்கையும் கூலி இழப்பையும் தாங்களே சுமந்தார்கள். அயல் கிராமத்துச் சிங்கள விவசாயிக்குக் காணிப் பசி இருந்தது உண்மை. அந்தப் பசியை உண்டாக்கியது மலையைச் சுற்றி வளைத்த பெருந்தோட்டம். அதில் கொழுந்து பறித்தவரும் பால் வெட்டியவரும் ஒரு பேர்ச் நிலத்தைக்கூடச் சொந்தமாக வைத்திருக்கவில்லை. ஓர் ஏழையின் பசிக்கு இன்னோர் ஏழையின் அடுப்பை அணைப்பது எந்த ஊர் நியாயம்?

அந்தத் தீர்ப்பு வருமுன்பே அதிகாரம் வேறு வழியைத் தேடிக்கொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்கும் பறிபோனது. நாடற்ற நிலையை நீக்க 2003இலும் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது.

எதிர்க்க வேண்டிய அதிகாரம் துரையின் பங்களாவோடு முடிவதில்லை. இருட்டோடு எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலையேறிக் கொழுந்து பறித்தவள் பெண். சம்பள நாளில் கைநீட்டி வாங்கியவர் பல லயங்களில் அவளுடைய கணவரோ தகப்பனோதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானது 1984இல்தான். அந்தச் சம்பளத்தைத் தன் கையில் வாங்க விரும்பியவள் வழக்கத்தை மீறியவளானாள். சங்கக் கொடியின் கீழ் உரிமை கேட்டவர், வீட்டில் அதே உரிமையை மறுத்தால் அவர் பாதிக் கலகக்காரரே.

மிச்சம் இருப்பது காணி. வேலை போனால் கூரையும் போகும் என்ற அச்சம் இருக்கும்வரை, நியாயம் கேட்க வாய் திறப்பவர் தன் குடும்பத்தையே பணயம் வைக்கிறார். ஆகவே உறுதிப் பத்திரத்தோடு கூடிய வீட்டுக் காணியைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. உருளவள்ளியில் பாட்டனும் பாட்டியும் லயத்துக் கதவை விடாமல் பிடித்துத் தொடங்கிய வழக்கு, பேரப்பிள்ளைகளின் கையில் அந்தப் பத்திரம் வரும் நாளில்தான் முடியும்.