படத்தை மாற்றி மாட்டியவர்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே சலிப்புத் தட்டுகிறது என்கிறவர்கள் நிறைய. வேறு வேலை பார் என்று சொல்வது சுலபம். வீட்டுக்கடன் தவணை கட்டுகிறவருக்கு அது ஆகிற காரியமா?

அமெரிக்காவில் ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்று இரண்டு ஆய்வாளர்கள். ஒரு மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே வேலைதான். சிலருக்கு அது பெருக்கித் துடைப்பது, அவ்வளவுதான். வேறு சிலரோ, நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்றே நினைத்தார்கள். அவர்களில் ஒருவர், நினைவிழந்து கிடக்கும் நோயாளிகளின் அறையில் சுவரில் இருக்கும் படங்களை அவ்வப்போது மாற்றி மாட்டுவாராம். காட்சி மாறினால் அவர்களுக்கு ஏதாவது நல்லது நடக்காதா என்கிற நப்பாசை! அவருக்குக் கொடுத்த வேலைகளில் இது கிடையாது. கையில் இருக்கும் வேலையையே நமக்கு ஏற்றபடி செதுக்கிக்கொள்ளலாம் என்று 2001-ல் அந்த இருவரும் ஒரு கட்டுரையில் எழுதிய கருத்து, 'ஜாப் கிராஃப்டிங்' என்ற பெயரில் இன்றும் பேசப்படுகிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சம்பளக் குறைவும் மேலதிகாரி தொல்லையும் இப்படி மாற்றி யோசிப்பதால் தீராது. அதற்குத் தொழிற்சங்கம்தான் வேண்டும்.

மற்றபடி, இன்றைக்கு ராத்திரி ஒரு தாளை எடுங்கள். எந்த வேலை செய்யும்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை, எது இழுத்துக்கொண்டே போனது என்று எழுதுங்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவருக்கு, புதிதாய்ச் சேர்ந்த பையனுக்குச் சொல்லிக்கொடுத்த அரைமணி நேரம்கூட முதல் வரியில் வரலாம். உங்கள் முதல் வரியில் எது வந்ததோ, நாளைக்கு அதற்கு இன்னொரு கால்மணி ஒதுக்க முடியுமா, பாருங்கள்.