தண்ணீர் ஓட்டிய நூற்பாலை



கண்ணமங்கலத்தை அடுத்த ஒன்னுபுரத்தில் விடியற்காலையில் நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தால் சில நாள் குறுக்கே நடக்க முடியாது. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பாவு நீட்டியிருக்கும். இரண்டு பக்கமும் ஆள் நின்று இழை இழையாகப் பார்த்துக்கொண்டு வருவார்கள். அறுந்த இழை கண்ணில் பட்டால் கை தானாகப் போய் முடிந்துவிடும். ஊடை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தறி பொறுத்துக்கொள்ளும், பாவு இழுப்புத் தாங்கியே ஆக வேண்டும். நெசவு வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது.

இங்கிலாந்து ஆலை ஊர்களின் கதை தொடங்குவதும் இந்தப் பாவில்தான். 18ஆம் நூற்றாண்டில் நெடுநாள் வரை அங்கே நூற்ற பருத்தி நூல் பாவுக்குத் தாங்கவில்லை. லினன் நூலைப் பாவாகக் கட்டி, பருத்தியை ஊடையாக ஓட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்த் துணியோடு போட்டி போட அது போதவில்லை. 1771இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் என்பவர் டெர்வென்ட் பள்ளத்தாக்கில், குரோம்ஃபோர்டு என்ற சிற்றூரில், தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் நூற்பாலை ஒன்றைத் தொடங்கினார். அதில் நூற்ற நூல் முறுக்கேறி வந்தது, பாவுக்கும் தாங்கியது. ஊரில் ஆள் பற்றாக்குறை. ஆகவே வரிசை வீடுகள் கட்டிக் குடும்பம் குடும்பமாகக் குடியேற்றினார். சிறு குழந்தைகளும் ஆலைக்குள் போனார்கள், இராத்திரி ஷிப்டும் ஓடியது. ஆலைக்காக ஓர் ஊர் என்பது அங்கேதான் உருப்பெற்றது.

1779இல் சாமுவேல் கிராம்ப்டன் உருவாக்கிய இன்னொரு இயந்திரம் மஸ்லினுக்கு ஏற்ற மெல்லிய நூலையும் நூற்றது. இன்று பட்டுக்குப் பேர்போன ஆரணிக்கு ஒரு காலத்தில் மஸ்லினிலும் பேர் இருந்தது. அந்தப் பேர் மங்கியதில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

தமிழ்நாட்டில் இதற்கு ஈடான ஊர் எது? தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று கோயம்புத்தூரைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். பட்டம் அதற்கே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மான்செஸ்டர் நிலக்கரிப் புகையில் வளர்ந்த நகரம். கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை வந்தது என்றாலும், மில்கள் பெருகியது 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு. ஆறு விழுகிற இடம் பார்த்து ஆலை, ஆலையைச் சுற்றி ஊர் என்ற குரோம்ஃபோர்டின் அசல் ஜாதகம் பொருந்துவது வேறோர் ஊருக்கு. அது திருநெல்வேலிச் சீமையில் பொதிகை மலை அடிவாரத்தில் இருக்கிறது. பெயர் விக்கிரமசிங்கபுரம். அந்தப் பக்கத்தில் முழுப் பெயரையும் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது, வி.கே.புரம் என்றால்தான் பஸ் கண்டக்டருக்கே புரியும்.

ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் தூத்துக்குடியில் தொழில் நடத்தினார்கள். கரிசல் காட்டுப் பஞ்சு அந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறிச் சீமைக்குப் போய், நூலாகவும் துணியாகவும் திரும்பிக்கொண்டிருந்த காலம். பஞ்சு விளைகிற நாட்டிலேயே நூற்றால் என்ன என்று இறங்கியவர்கள் நேராக வி.கே.புரத்தை ஒட்டிய பாபநாசத்துக்குப் போனார்கள். காரணம் தாமிரபரணி. இரண்டு பருவமழையும் அதற்கு உண்டு, மலையிலிருந்து இறங்குகிற வேகமும் உண்டு. 1885இல் திருநெல்வேலி மில் அங்கே ஓடத் தொடங்கியது. அணையில் தேங்கிய தண்ணீரைக் கால்வாயில் திருப்பி, பள்ளத்தில் இருக்கும் டர்பைன் மேல் விட்டார்கள். டர்பைன் சுழன்றால் ஆலைக்குள் கதிர்கள் சுழலும். வேலை முடித்த தண்ணீர் மறுபடி ஆற்றுக்கே போய்விடும், கீழே இருக்கிற வயலுக்குப் பாயும். விறகு வேண்டாம், கரி வேண்டாம்.

நம் நாகநதியும் ஜவ்வாது மலையிலிருந்துதான் இறங்குகிறது. ஆனால் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் கண்ணமங்கலத்துக்காரர்கள் பார்ப்பது மணலைத்தான். அதை நம்பி யாரும் டர்பைன் வைத்திருக்க முடியாது.

ஹார்விகள் அடுத்துத் தூத்துக்குடியில் கோரல் மில், மதுரையில் மதுரா மில் என்று விரித்தார்கள். கோரல் மில்லில் கூலி குறைவு, வேலை நேரம் அதிகம், வார விடுமுறை இல்லை. 1908 பிப்ரவரி 27இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். பத்து நாளுக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலியே கொதித்து எழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வ.உ.சி. கப்பல் ஓட்டியதைச் சொல்லும் அளவுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையை நாம் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஆலைகள் முக்கியமாக நூற்பாலைகள். நெய்வதற்குத் தறி வேண்டும். தமிழ்நாட்டுக் கைத்தறிகள் ஆலை நூலைச் சிட்டம் சிட்டமாக வாங்கித்தான் பருத்திச் சேலையும் வேட்டியும் நெய்தன. மில் கைத்தறியைக் கொன்றது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கையால் நூற்றவர்களின் பிழைப்பு போனது உண்மை. நெசவாளியோ ஆலை நூலை வைத்துக்கொண்டு ஆலைத் துணியோடு மல்லுக்கு நின்றார்.

1944இல் பாபநாசத்தில் அரசின் நீர்மின் நிலையம் வந்தது. அதே தண்ணீர் கம்பி வழியே ஊர் ஊராகப் போகத் தொடங்கியது. ஆலை வைக்க அருவி தேடிப் போக வேண்டிய கட்டாயம் தீர்ந்தது. 1974இல் ஹார்வி ஆலைகள் மதுரா கோட்ஸ் என்று பெயர் மாறின. தையல் நூல்கண்டில் அந்தப் பெயரைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

குரோம்ஃபோர்டு ஆலை அடங்கிய டெர்வென்ட் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வி.கே.புரத்துக்கு அப்படியொரு பலகை இல்லை. அடுத்த முறை பாபநாசத்தில் குளித்துவிட்டுத் திரும்பும்போது அந்த ஊரில் ஒரு டீக்கு இறங்குங்கள். வயதானவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், மில்லைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.