கொல்லப்பட்ட பொலிசாரின் குடும்பங்களுக்கும் உரிமை உண்டு
(பொத்துவில் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1990 ஜூன் 11இல் கல்முனை உட்பட கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சுற்றிவளைத்தார்கள். மேலிடத்து உத்தரவுப்படி சரணடைந்த நூற்றுக்கணக்கான சிங்கள, முஸ்லிம் பொலிசார் கொல்லப்பட்டார்கள். அவர்களும் சம்பளத்துக்கு வேலைக்குப் போனவர்கள்தான்.

இன்று 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம், பாதிக்கப்பட்டவரோடு அவரது குடும்பத்தையும் சேர்த்தே பார்க்கிறது. விசாரணை எந்த மட்டில் நிற்கிறதென்று கேட்கலாம், சட்டத்தரணி வைக்கலாம், நட்டஈடு கோரலாம். உடலே கிடைக்காத பொலிசாரின் குடும்பம் காணாமல்போனோர் அலுவலகத்திலும் முறையிடலாம்.

நாளை தோட்டத்தில் எங்களில் ஒருவர் கொல்லப்பட்டாலும் இதே சட்டந்தான். முறைப்பாடு செய்தால் அதன் இலக்கத்தை எழுதி வையுங்கள், சங்கத்துக்கு வாருங்கள். நாங்கள் கேட்பது இரக்கமல்ல, உரிமை.