நாயின் கணையமும் நம் வீட்டு நெய்யும்



தமிழகத்தை விட்டு வந்து வெளிமாநிலங்களில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் நாய் வளர்க்கும் வழக்கம் பெருகிவருகிறது. பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று வாங்குகிறோம். பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் வெளியூர் சென்றபின் நாயே வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறது. தில்லியில், அரசாங்கக் குடியிருப்பில் வாழும் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மணி என்ற லாப்ரடார் நாய்க்கு வந்த ஒரு நோயைப் பற்றி இன்று பேச விழைகிறேன். நான் மொழிபெயர்ப்பாளன், மருந்து சொல்லும் தகுதி எனக்கில்லை. உணவைப் பற்றி, பட்டறிந்ததை மட்டும் கூறுவேன்.

2023-ஆம் ஆண்டு தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையில் மணி வாந்தியெடுத்தது. பண்டிகைக் கோளாறு என்று நாங்கள் பொருட்படுத்தவில்லை. பிற்பகலில் குடித்த தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லை. முன்னங்கால்களை நீட்டி, மார்பைத் தரையில் தாழ்த்தி, பின்புறத்தை மட்டும் உயர்த்தி நெடுநேரம் நின்றது. "பாரேன், கும்பிடுகிறது!" என்றார் என் தாயார். அது கும்பிடவில்லை. வயிற்றுவலி பொறுக்காமல் அவ்வாறு நின்றது என்பதை அன்றிரவு கால்நடை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். இரத்தத்தைச் சோதித்து, வயிற்றை அல்ட்ராசவுண்டு கருவியால் பார்த்து, இது கணைய அழற்சி என்று அவர் முடிவு கூறினார்.

அழற்சி என்பது அழல் என்னும் சொல்லடியாகப் பிறந்தது. எத்தனையோ அறிக்கைகளில் அச்சொல்லை எழுதியிருக்கிறேன். அதனுள் நெருப்பு இருப்பதை அன்றுதான் கண்டேன். கணையம் உணவைச் செரிக்கும் நொதிகளைச் சுரக்கிறது. அவை உறங்கும் நிலையிலேயே புறப்பட்டு, குடலை அடைந்தபின் விழித்துத் தொழில் செய்ய வேண்டியவை. இந்நோயில் அவை கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு, பிறந்த வீட்டையே செரிக்கத் தொடங்குகின்றன. கணையத்தைப் பற்றி மனிதன் அறிந்தவற்றுள் பெரும்பகுதி நாய் தந்த கொடை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1889-இல் மின்கோவ்ஸ்கியும் மெரிங்கும் நாயின் கணையத்தை அகற்றிப் பார்த்தே நீரிழிவின் மூலத்தைக் கண்டார்கள். 1921-இல் இன்சுலினைக் கண்டறிந்த ஆய்வும் நாய்களை வைத்தே நடந்தது.

மூன்று நாள் நரம்பு வழியே நீர் ஏற்றினார்கள்; வலிக்கும் வாந்திக்கும் மருந்து தந்தார்கள். முன்னாளில் இந்நோய்க்கு நாயைப் பட்டினி போடுவது வழக்கமாம். வாந்தி அடங்கியதும் சிறிது சிறிதாக ஊட்டத் தொடங்குவதே இன்றைய முறை. மணி பிழைத்தது. ஆனால் மருத்துவர் எங்களை எளிதில் விடவில்லை. "இது என்ன எடை?" என்று கேட்டார். முப்பது கிலோ இருக்கவேண்டிய நாய் 38 கிலோ இருந்தது. பல நாய்களுக்கு இந்நோயின் காரணம் புலப்படுவதேயில்லை. எனினும் பருமனும், கொழுப்பு மிகுந்த தீனியும் இதற்கு வழிகோலக்கூடியவை என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். முப்பது கிலோ எடையை நோக்கி மெலியவேண்டிய நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 900 கலோரி போதும். ஒரு பெரிய கரண்டி நெய்யில் 120 கலோரி இருக்கிறது. சோற்றில் இரண்டு கரண்டி விட்டால் நாள் உணவில் கால்பங்குக்கு மேல் நெய்யிலேயே தீர்ந்தது! தயிர்ச்சாதம் தீங்கற்றது என்று நம்பியிருந்தோம். இங்கே நாம் காப்பிக்காக வாங்கும் முழுக்கொழுப்புப் பாலில் கொழுப்பு 6 விழுக்காடு. அதே பாலில்தான் தயிரும் தோய்கிறது. பாதுஷாவையும் மைசூர்ப்பாகையும் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வெங்காயம் சேர்ந்த சாம்பாரும், திராட்சை போட்ட பாயசமும் கணையக் கோளாறு இல்லாத நாய்க்கும் நஞ்சு என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

மருத்துவர் கொழுப்புக் குறைந்த தனித் தீனியை எழுதித் தந்து, அதை நாளுக்கு நான்கு வேளையாகப் பிரித்துப் போடச் சொன்னார். தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியும் சோறும் சில நாளைக்கு உதவும். மாதக் கணக்கில் அது மட்டுமே போட்டால் சுண்ணாம்புச் சத்து முதலியவை குறைந்துவிடும் என்றும் எச்சரித்தார். வாரத்துக்கு உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் போதும், அவசரம் கூடாது.

எல்லாம் சரியாக நடந்தது, நான்கு மாதம் வரை. ஒருநாள் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பியபோது மணி மீண்டும் அந்தக் கும்பிடும் நிலையில் நின்றது. தட்டில் பாலேடு பிசைந்த சோற்றின் மிச்சம் கிடந்தது. என் தாயார் மூலையில் அமர்ந்திருந்தார். "ஒரே ஒரு கவளந்தானேடா! வாயில்லாச் சீவன் பார்த்துக்கொண்டே நிற்கிறது. எனக்குச் சோறு எப்படி இறங்கும்?" என்றார்.

ஒரு கவளம் அன்று. பல நாள் கவளங்கள் என்பது பிறகு தெரிந்தது. அவரைக் கடிந்து பேசினேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். தந்தையார் மறைந்தபின் தஞ்சை மாவட்டத்திலிருந்து இங்கு வந்தவர் அவர். இந்தி தெரியாது. நாங்கள் இருவரும் வேலைக்குச் சென்றபின் பத்து மணி நேரம் அவரோடு தமிழ் கேட்கும் உயிர் மணி ஒன்றுதான். (மணிக்கும் இந்தி தெரியாது, அண்டை வீட்டார் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.) கவளம் ஊட்டாதே என்று அவரிடம் சொல்வது, பேச்சை நிறுத்து என்பதைப் போன்றதாகும்.

மணி இரண்டாம் முறையும் தப்பிற்று. அதன்பின் தடையை விட்டு வேறு வழி கண்டோம். காலையில் அன்றைய தீனி முழுவதையும் சமையலறைத் தராசில் நிறுத்து வைப்போம். அதில் பத்தில் ஒரு பங்கைத் தாயாரின் சம்படத்தில் போட்டுவிடுவோம். அதனோடு எண்ணெய் சேராமல் வேகவைத்த பீன்ஸும் காரட்டும் அவர் கையாலேயே ஆக்கியவை. எப்போது கொடுப்பது, எத்தனை தடவை கொடுப்பது எல்லாம் அவர் விருப்பம். சம்படம் காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். அவர் ஒரு நாளும் அளவு மீறியதில்லை. வெள்ளிக்கிழமை விரதத்தைவிடக் கண்டிப்பாகவே நடத்துகிறார். வேலைக்காரப் பெண்ணும் அண்டை வீட்டுச் சிறுவர்களும் பிஸ்கோத்து நீட்டினால் அவர்தான் இப்போது தடுக்கிறார்.

லாப்ரடார் இனத்துக்குப் பசி மிகுதி என்பது வெறும் பேச்சன்று. அவற்றுள் பலவற்றுக்குப் பசியை அடக்கும் மரபணு ஒன்றில் குறை இருப்பதை 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆகவே அது பார்க்கும் பார்வையைப் பட்டினியின் சான்றாகக் கொள்ளவேண்டியதில்லை. 2002-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாக வளர்த்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்குக் கால்பங்கு தீனியைக் குறைத்தார்கள். குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டாண்டு கூடுதலாக வாழ்ந்தன. என் தாயாருக்கு இதைத் தமிழில் சொன்னபோது, "இரண்டு வருஷமா?" என்று இரு முறை கேட்டார்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருத்துவமனைத் தராசில் நிறுத்துகிறோம். கோடையில் நடை விடியுமுன் முடிந்துவிடவேண்டும். விலா எலும்புகள் விரலுக்குத் தட்டுப்படுகின்றனவா என்று தாயார் நாள்தோறும் தடவிப் பார்க்கிறார். இவ்வாண்டுத் தொடக்கத்தில் மணியின் எடை 31 கிலோ. தீபாவளியன்று காலையில் பலகாரத் தட்டை அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டி, சாவியைத் தம் இடுப்பில் செருகிக்கொள்பவர் அவர்தான்.