கப்பல் தலைவனுக்கு வயதென்ன?

(உபாத்தியாயர் பயிற்சி மாணவர்கள் முன் பேசியது)

 

"கணக்கே பகுத்தறிவுதானே, அதிலே தனியாகப் பகுத்தறிவைப் புகுத்துவானேன்?" என்று எனக்கு முன் பேசிய தோழர் கேட்டார். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால், பிரஞ்சு தேசத்தில் நடந்த ஒரு சங்கதியைக் கேளுங்கள். 1979-ம் வருஷ வாக்கில் கிரெநோபிள் என்னும் ஊரில், சிறு பிள்ளைகள் 97 பேருக்கு ஒரு கணக்குக் கொடுத்தார்கள். "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன; கப்பல் தலைவனுக்கு வயதென்ன?"

ஆட்டுக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம்? ஆடு மேய்க்கிற பையனைக் கேட்டால் சிரிப்பான். ஆனால், அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் 76 பேர் கொடுத்த எண்களைக் கொண்டே வயதைச் சொல்லிவிட்டார்கள்! (கூட்டினால் 36, கப்பல் தலைவனுக்குப் பொருத்தமான வயதுதான்.) இவர்கள் மூடர்களா? இல்லவே இல்லை. வாத்தியார் கொடுத்த கணக்குக்கு விடை இருந்தே தீரும், கணக்கைச் சந்தேகிக்கக் கூடாது என்று பழக்கப்பட்டவர்கள், பழக்கினபடி நடந்தார்கள்.

பிள்ளைகள் கிடக்கட்டும். பெல்ஜியத்தில் உங்களைப்போலப் பயிற்சியிலிருந்த 332 பேரைச் சோதித்து, முடிவை 1997-ல் வெளியிட்டார்கள். ஒருவன் 100 மீட்டரை 17 விநாடியில் ஓடினால் 1 கிலோ மீட்டர் ஓட எவ்வளவு நேரம் என்பது போன்ற கணக்குகள். 170 விநாடி என்று எழுதினவர், ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்கும் என்பதை மறந்துவிட்டார். உலக அனுபவத்தை ஒட்டிய விடைகள் மொத்தத்தில் சுமார் பாதிதான். அதைவிட மோசம் என்னவென்றால், பிள்ளைகளின் விடைகளை மதிப்பிடச் சொன்னபோது, யோசித்து எழுதின விடையைவிட யோசியாத விடையையே இவர்கள் அதிகமாக மெச்சினார்கள். அப்படியானால் வகுப்பிலே யோசிக்கிற பிள்ளையின் கதி என்ன?

ஆகவே முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பின்னத்தால் வகுக்கும்போது தலைகீழாய்த் திருப்பிப் பெருக்குகிறோமே, ஏன்? "என் வாத்தியார் சொன்னார்" என்றால் அதற்குப் பெயர் சாஸ்திரம், கணக்கல்ல. 3 படி அரிசியை அரைப்படியால் அளந்து பாருங்கள். 1 படிக்கு 2 தடவை, 3 படிக்கு 6 தடவை. அரையால் வகுத்தது 2-ஆல் பெருக்கினதாய் முடிந்த காரணம் கண் முன்னே கிடக்கிறது. இதைப் பிள்ளைகள் கையாலேயே அளக்கவிட்டால் அரிசி சிந்தும், வகுப்பில் சத்தமும் வரும், வந்தால் வரட்டும்.

இப்போது பலகையில் ஒரு கணக்கு எழுதப்போகிறேன். அதில் ஒரு விவரம் குறைகிறது. எது என்று கண்டுபிடிக்கிற வரையில் தயவுசெய்து யாரும் பென்சிலைத் தொடவேண்டாம்.