மங்கிய சிவப்பைப் பார்த்து எழுதியவன்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை ஒலிக்கும் அரங்கில் ஓவியம் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். ஓவியன் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கில்லை. நாற்பது வயதுக்கு மேல் தைலவண்ணம் பழகியவன்; அதுவும் ஒரே ஒரு படத்தைப் பார்த்து எழுதிப் பழகியவன். ரெனுவார் 1883இல் தீட்டிய ‘திருமதி லெயோன் கிளாப்பிசோன்’ என்னும் உருவப்படம் அது. நீல உடையணிந்து அமர்ந்திருக்கும் அந்தப் பெண்மணி இப்போது சிக்காகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறார். என்னிடம் இருந்தது அச்சுப் படி.

பார்த்தெழுதுவதை இழிவாகக் கருத வேண்டியதில்லை. ரெனுவாரே 1860இல் லூவர் அருங்காட்சியகத்தில் படியெடுக்க அனுமதி பெற்றவர்தாம்.

முதலில் ‘தோல் நிறம்’ என்று ஒன்றைக் குழைத்துக்கொண்டு, நிழலுக்கு அதிலேயே கறுப்பைக் கலந்தேன். முகம் சாம்பல் பூசிய பொம்மையாயிற்று. மீண்டும் உற்றுப் பார்த்தேன். கன்னத்து நிழலில் கறுப்பைக் காணோம். நீலச் சாயல்தான் தெரிந்தது. அந்த நீலத்தை வைத்ததும் வேறொரு தொல்லை. ஈர வண்ணத்தின்மேல் மும்முறை தடவினால் எல்லாம் சேறாகிவிடும். தூரிகையைத் துடைத்து, ஒரே தீற்றலாக வைத்து, வைத்ததைத் தொடாமல் விலகிவரப் பழகுவதற்கு ஐந்து மாதங்களாயின. (அடித்துத் திருத்தும் கவிஞர்கள் பொறுத்தருள்க.)

அப்போதும் முகம் பின்புலத்தோடு இசையவில்லை. அச்சில் கண்ட குளிர்ந்த நீலச் சாம்பலை எத்தனையோ முறை குழைத்தேன். குறை என் கையிலேயே என்று நம்பினேன். அதில் பாதி உண்மையும்தான்.

மறுபாதி 2014இல் தெரிந்தது. அருங்காட்சியகத்தார் அந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றியபோது, சட்டம் மூடியிருந்த விளிம்பில் அடர்ந்த சிவப்பு இருந்ததாம். நுண்ணிய துகளை எடுத்து லேசர் ஒளியால் ஆராய்ந்தார்கள். அது சப்பாத்திக்கள்ளியில் வாழும் கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன். ஒளிபட்டால் மங்கும் இயல்புடையது. ஒளி படாத விளிம்பில் மட்டும் தப்பியிருந்தது. அந்தப் பெண்மணிக்குப் பின்னால் ரெனுவார் தீட்டியது கொழுந்துவிடும் சிவப்பு! அதன் மிச்சத்தைத்தான் நான் மாதக்கணக்கில் குழைத்துக்கொண்டிருந்தேன்.

ஏடு பெயர்த்தெழுதியவர்கள் செல்லரித்த இடத்தில் புள்ளியிட்டுச் சென்றார்கள். நானோ செல்லரித்ததையே பாடமென்று எழுதியிருந்தேன்.

அன்று எனக்குக் கோபமே வந்தது. யார்மீது என்றுதான் தெரியவில்லை. ஒரு மாதம் தூரிகையைத் தொடவில்லை. பிறகு புதிய துணியில், பின்புலத்தைச் சிவப்பாக்கிவிட்டுத் தொடங்கினேன். முகத்துக்கு அதே கலவைகள், அதே தீற்றல்கள். முன்பு சாம்பலோடு கரைந்துபோன நீல நிழல் இம்முறை தனித்து நின்று கன்னத்தை வளைத்துக் காட்டியது. முகத்தின் நிறத்தை முகத்திலேயே தேடி ஐந்து மாதங்களைக் கழித்தவன் நான்.

இரண்டு படங்களும் இப்போது என் அறையில் எதிரெதிர்ச் சுவர்களில் தொங்குகின்றன. வருகிறவர்களில் பெரும்பாலோர் சாம்பல் நிறப் படத்தையே சிறந்தது என்கிறார்கள். அதில்தான் ரெனுவார் தெரிகிறாராம். நான் மறுப்பதில்லை. சிவப்புக்கு நான் வாங்கியது குவினாக்ரிடோன் வண்ணம். அது எளிதில் மங்காது என்று கடைக்காரர் உறுதி கூறியிருக்கிறார்.