பேப்பரோட எடுத்த பிள்ளை



1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. அந்த இணைப்புக்காகப் போராடிய மார்ஷல் நேசமணியின் சிலைக்கு ஆண்டுதோறும் மாலை போட்டு நாம் நினைவுகூரும் நாள் அது. அதே ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி டில்லியில் இன்னொரு காரியம் நடந்தது. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் அன்றுதான் வந்தது. பிள்ளை இல்லாத இந்துக் குடும்பம் ஒன்று முறைப்படி தத்து எடுத்தால், அந்தப் பிள்ளைக்கு வயிற்றில் பிறந்த பிள்ளையின் உரிமை முழுவதும் உண்டு என்று அந்தச் சட்டம் சொல்லியது. பெண் குழந்தையையும் தத்து எடுக்கலாம் என்றும் சொல்லியது. பெரிய காரியம்தான்.

ஆனால் நம் மாவட்டத்தின் நிலைமையைப் பாருங்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கே கிறிஸ்தவர்கள் கிட்டத்தட்ட 47 சதவீதம். முஸ்லிம்கள் நான்கு சதவீதத்துக்கு மேல். இவர்கள் யாருக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. ஒரு குழந்தையைத் தன் பிள்ளையாக்கிக்கொள்ள நம் மாவட்டத்தில் பாதிப் பேருக்கு வழியே இருக்கவில்லை. இருந்ததெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில், 1890இல் போட்ட காப்பாளர் சட்டம் ஒன்றுதான். கோர்ட்டுக்குப் போனால், குழந்தைக்குக் காப்பாளர் என்று உங்களை நியமிப்பார்கள். தகப்பன் என்றோ தாய் என்றோ சொல்லமாட்டார்கள். பிள்ளைக்கு 21 வயது நிறைந்தால் காப்பாளர் பொறுப்பும் முடிந்தது. சட்டத்தின் கண்ணில் நீங்கள் யாரோ, அது யாரோ.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுத் தம்பதிகள் நம் அனாதை இல்லங்களிலிருந்து குழந்தைகளைக் கொண்டுபோனதும் இதே சட்டத்தின்படிதான். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் விண்ணப்பம் வரும். இங்குள்ள கோர்ட்டு அவர்களைக் காப்பாளர் ஆக்கும். குழந்தை விமானம் ஏறும். அந்த நாட்டுக்குப் போனபின் அங்குள்ள சட்டப்படி முறையாகத் தத்து எடுத்துக்கொள்வார்கள். ஸ்வீடனிலிருந்து வந்து குழந்தை கேட்ட தம்பதியும் மார்த்தாண்டத்தில் குழந்தை கேட்ட கிறிஸ்தவ வாத்தியாரும் ஒரே வரிசையில், ஒரே சட்டத்தின் கீழ் நின்றார்கள். ஸ்வீடன்காரருக்குத் திரும்பிப் போக ஒரு நாடு இருந்தது, அங்கே ஒரு சட்டமும் இருந்தது. நம் வாத்தியாருக்கு அது இல்லை. அவர் சொந்த ஊரிலேயே அந்நியர் மாதிரி நிறுத்தப்பட்டார்.

இப்படிப்பட்ட ஒரு குடும்பம் எனக்கு நன்றாகத் தெரியும். கல்குளம் தாலுகாக்காரர்கள். பேரும் ஊரும் வேண்டாம். அந்த வீட்டுப் பெரியவர் பள்ளி ஆசிரியர். அறுபதுகளில் அவரும் மனைவியும் ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்த்தார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பேர் அவர் பேர். பள்ளிச் சான்றிதழிலும் அவர் பேர்தான். பெண்ணைப் படிக்கவைத்தார்கள், ஆசையாகக் கட்டிக்கொடுத்தார்கள். பெரியவர் உயில் எழுதவில்லை. 'ஒரே பிள்ளைக்கு எதுக்கு உயில்' என்று நினைத்திருப்பார். அவர் கண்ணை மூடி, மனைவியும் போய்ச் சேர்ந்தபிறகு, தம்பி மக்கள் வந்து நின்றார்கள். "நீ எடுத்து வளத்த பிள்ளை. சொத்து ரத்த சொந்தத்துக்குத்தான்." ரப்பரும் தென்னையும் நின்ற தோட்டம் அவர்களுக்குப் போனது. சபை மூப்பர்கள் உட்கார்ந்து பேசியதால் வீடும் அது நின்ற பத்து சென்டும் அந்த அம்மாவுக்கு மிஞ்சியது. தோட்டம் போனதை அவர் பெரிதாகச் சொல்வதில்லை. "அம்மாவும் செத்த ஒரு மாசத்துக்குள்ள, நான் அப்பாவுக்கு யாருமில்லன்னு ஆக்கிப்போட்டாங்க." இதைத்தான் சொல்வார்.

நாஞ்சில் நாட்டுக்குத் தத்து புதிதில்லை. பத்மநாபபுரத்தை ஆண்ட திருவிதாங்கூர் அரச குடும்பமே தத்து எடுத்து வாழ்ந்த குடும்பம். 1900ஆம் ஆண்டில் மாவேலிக்கரையிலிருந்து இரண்டு சிறுமிகளைத் தத்து எடுத்தார்கள். அவர்களில் ஒருவரான சேது லட்சுமி பாய் பின்னாளில் நாட்டை ஆண்டார். இன்னொருவரான சேது பார்வதி பாயின் மகன்தான் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள். அரண்மனைக்கு மரபுவழி வந்த உரிமை, வாத்தியார் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

எல்லோருக்கும் பொதுவான தத்தெடுப்புச் சட்டம் ஒன்று கொண்டுவர 1972இல் மசோதா வந்தது, நிற்கவில்லை. 1980இல் வந்தது, அதுவும் காலாவதியானது. இதற்கிடையில் லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுக்கிறோம் என்ற பேரில் முறைகேடு நடக்கிறது என்பது அவர் முறையீடு. அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டு, 1984 பிப்ரவரியில் நீதிபதி பகவதி தீர்ப்புச் சொன்னார். பெற்றவர்களோடு குழந்தை வாழ வழியிருக்கிறதா என்று முதலில் பார். இல்லையென்றால் இந்தியக் குடும்பம் ஒன்றைத் தேடு. அதுவும் அமையாவிட்டால்தான் வெளிநாடு. இந்த வரிசையை நாட்டுக்கே வகுத்துக் கொடுத்தது அந்தத் தீர்ப்பு. டில்லியில் காரா என்று சொல்லுகிற மத்தியத் தத்துவள ஆணையம் 1990இல் அமைந்ததற்கும் அதுவே வித்து.

இந்த வரிசை எவ்வளவு நியாயமானது என்பதை 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நம் கடற்கரை பார்த்தது. கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடி என்று கடல் வாரிக்கொண்டு போன ஊர்களில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் நின்றார்கள். பல இடங்களிலிருந்தும், வெளிநாடுகளிலிருந்தும் 'குழந்தையை எங்களிடம் கொடுங்கள்' என்று கேட்டு வந்தார்கள். நல்ல மனசோடு கேட்டவர்கள்தான் பெரும்பாலும். அரசு உடனே கொடுக்கவில்லை. கொடுக்காதது சரி என்பதே என் எண்ணம். அத்தையும் மாமனும் தாத்தாவும் உயிரோடு இருக்கிற பிள்ளையை, அழுகை அடங்குமுன் வேறு தேசத்துக்கு ஏற்றிவிட்டால், அந்தப் பிள்ளை இரண்டாம் முறையும் எல்லாவற்றையும் இழக்கும்.

கிறிஸ்தவர், முஸ்லிம் யாரானாலும் தத்து எடுக்க வழி, 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் பிறந்து, 2006 திருத்தத்தில் தெளிவானது. எந்த மதத்தவரும் இந்தச் சட்டத்தின்படி தத்து எடுக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றமும் உறுதி சொன்னது. இப்போது நடப்பில் இருப்பது 2015ஆம் ஆண்டுச் சட்டம். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணை போடுகிறவர் மாவட்ட ஆட்சியர். கோர்ட்டு ஏற வேண்டியதில்லை.

நான் சொன்னேனே, அந்த வாத்தியார் வீட்டு அம்மா. அவருக்குத் தம்பி முறையான ஒருவரின் மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மனைவி அங்கேயே நர்ஸ். சிகிச்சை, ஜெபம், நேர்ச்சை என்று வருஷங்கள் போய், கடைசியில் தத்து எடுக்கலாம் என்று முடிவுக்கு வந்தார்கள். ஊரில் ஒருவர், 'தெரிஞ்ச ஆஸ்பத்திரி உண்டு, பணம் கொடுத்தா போதும், பெத்தவ பேரே வெளிய வராது' என்று காதில் போட்டார். அதைக் கேள்விப்பட்ட அந்த அத்தை மருமகனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மக்கா, புள்ள எடுக்கணும்னா எடு. ஆனா பேப்பரோட எடு. நான் பட்டது போதும்லா."

அப்படியே செய்தார்கள். வளைகுடா நாடுகள் பலவற்றின் சட்டத்தில் தத்து என்பதே கிடையாது. அதனால் இந்தியத் தூதரகத்தின் வழியாகக் காராவில் பதிந்தார்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கும் இங்கே வாழ்கிறவருக்குக் கொடுக்கிற முன்னுரிமையே உண்டு. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து எல்லாம் விசாரித்தார். சம்பளம், உடம்பு, புருஷன் பெண்டாட்டிக்குள் எப்படி, வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார். பிறகு காத்திருப்பு. மூன்று ஆண்டுக்கு மேல் ஆனது. நாடு முழுக்க முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். 2024–25ஆம் ஆண்டில் தத்துப் போன குழந்தைகள் 4,515 பேர். பல ஆண்டுகளில் அதுதான் அதிகம்.

ஒரு நாள் செய்தி வந்தது. ஒடிசாவில் ஓர் இல்லத்தில் இருக்கும் பெண் குழந்தை, இரண்டரை வயது. போட்டோ, குழந்தையைப் பற்றிய குறிப்பு, மருத்துவ அறிக்கை. வெளிநாட்டில் இருப்பவர்கள் 96 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்லவேண்டும். நைட் டூட்டியில் இருந்த அந்த நர்ஸ் அம்மா, வார்டு நடுவில் நின்று போட்டோவைப் பார்த்துவிட்டு, மருத்துவ அறிக்கையைத் தொழில்முறையில் வரி வரியாகப் படித்தாராம். எடை குறைவு, ரத்தசோகை. "மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுவேன்" என்று கணவருக்குச் செய்தி அனுப்பினார்.

ஆணை கையில் வாங்கி, பாஸ்போர்ட் வரும்வரை குழந்தையோடு ஊரில் தங்கினார்கள். நான் பார்த்தது அந்த நாட்களைத்தான். குழந்தைக்கு ஒடியா தவிர வேறு பாஷை தெரியாது. இல்லத்தில் ஆயாக்களைக் கூப்பிடுகிற மாதிரி, புது அம்மாவையும் 'மௌசி' என்றே கூப்பிட்டது. கட்டிலில் படுக்கவைத்தால் இறங்கித் தரையில் போய்ப் படுக்கும். தலையணையைத் தூக்கினால் அடியில் பாதி ரொட்டி, கடித்த பழத்துண்டு. இனி எப்போது கிடைக்குமோ என்று ஒளித்துவைத்தது. அதை யாரும் எடுத்துப் போடவில்லை, அதட்டவும் இல்லை. அந்தத் தாய் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு டப்பா வைத்து, அதில் எப்போதும் தின்பதற்கு ஏதாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டார். ரொட்டி ஒளிப்பது மெல்ல மெல்ல நின்றது.

சாப்பாடுதான் பெரிய பாடாக இருந்தது. இட்லி வேண்டாம், புட்டு வேண்டாம், மீன் குழம்பு வேண்டாம். தட்டைத் தள்ளிவிட்டு அழும். நர்ஸ் அம்மாவுக்கே கவலை வந்துவிட்டது. ஒரு காலையில் அந்த அத்தை தனக்கு எடுத்துவைத்த பழங்கஞ்சியில் தயிர் விட்டு, உள்ளி கடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். குழந்தை நடந்து வந்து அவர் மடியில் கைவைத்து நின்றது. ஒரு வாய் கொடுத்தார். வாங்கியது. இன்னொரு வாய். சட்டி காலியாகும்வரை நகரவில்லை. ஒடிசாவில் பழஞ்சோற்றை 'பகாளா' என்பார்கள், அது அவர்களுக்கு அன்றாடச் சாப்பாடு. அந்தச் சமையற்கட்டில் இருந்த யாருக்கும் அது அப்போது தெரியாது.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. தூதரகம் மூலம் இரண்டு ஆண்டு பார்வையிட்டு அறிக்கை அனுப்பியாகிவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்பதை அந்தப் பெற்றோர் மறைக்கவில்லை. தூங்கப்போகும்போது சொல்லுகிற கதையாகவே சொல்லிவிட்டார்கள். பதினெட்டு வயதானபின் தன் பிறப்பைப் பற்றி விசாரித்து அறிய அந்தப் பெண்ணுக்குச் சட்டத்தில் வழியும் உண்டு. ஊரார் வாயிலிருந்து ஒரு கல்யாணவீட்டில் அறிந்துகொள்வதை விட, தாய் மடியில் அறிந்துகொள்வது ஆயிரம் மடங்கு மேல்.

கடல்கடந்து வந்து நம் பிள்ளைகளுக்குத் தாயானவரும் நமக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். களக்காட்டுப் பக்கம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல், 1901இல் ஒரு சிறுமி தப்பி வந்து அடைக்கலம் கேட்டதிலிருந்து, 1951இல் இறக்கும்வரை குழந்தைகளை வளர்த்தார். அயர்லாந்தில் பிறந்தவர் அவர். குழந்தைகளை அயர்லாந்துக்குக் கொண்டுபோகவில்லை, நம் மொழியிலேயே, நம் மண்ணிலேயே வளர்த்தார். அவர்கள் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். குழந்தை எந்த நாட்டுக்காரர் கைக்குப் போனாலும், அது எங்கிருந்து வந்ததோ அதைப் பறிக்காமல் வளர்ப்பவரே நல்ல பெற்றோர் என்பது என் துணிபு.

தத்து எடுக்க நினைக்கிற நேயர்களுக்குச் சில விஷயங்கள். தாமதிக்காதீர்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வேண்டுமானால், பதியும்போது கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு 90. அண்ணன் தம்பி, அக்காள் தங்கை பிள்ளையை எடுப்பதாக இருந்தாலும் வீட்டுக்குள் பேசிமுடித்துவிடாதீர்கள். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் வெறும் தத்துப் பத்திரத்தை நம்பிப் பிள்ளையை அழைத்துப்போக முடியாது, காராவின் தடையின்மைச் சான்று வேண்டும். சட்டத்துக்கு வெளியே குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். ஆஸ்பத்திரி ஊழியர் உடந்தை என்றால் ஏழு ஆண்டு வரை போகும். வளர்க்க வழியில்லாத தாய்க்கும் மறைவான வழி தேவையில்லை. குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம், மனம் மாறினால் இரண்டு மாதத்துக்குள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். 1098க்குப் போன் செய்தால் போதும். விவரம் வேண்டுவோர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம்.

கடைசியாக, காகிதம் எதுவும் இல்லாமல் முன்பே ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து ஆளாக்கியிருக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் எத்தனையோ உண்டு. அந்தத் தாய் தகப்பன்மார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் கைகூப்பிக் கேட்கிறேன். ஒரு வக்கீலைப் பார்த்து, இரண்டு சாட்சி வைத்து, அந்தப் பிள்ளை பேருக்கு உயில் எழுதிப் பதிவுசெய்யுங்கள். தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்துவிடுங்கள்.